வாங்காத கடனுக்கு வசூல் ஆள் வந்தால்

கேள்வி இது: "என் தம்பி வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தான், வங்கி மறுத்துவிட்டது. அவனுடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அவன் கேள்விப்பட்டே இராத இரண்டு கடன் செயலிகளில் மூன்று கடன்கள், மூன்றும் கட்டாமல் நிலுவையில் நிற்கின்றன. அவன் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. காவல் நிலையத்தில், 'உங்களுக்குத்தான் நஷ்டமே இல்லையே' என்று அனுப்பிவிட்டார்கள். இது அடையாளத் திருட்டா? பணம் போகாதபோது பாதிப்பு என்று எதைச் சொல்வது? அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

சந்தேகமே வேண்டாம், அடையாளத் திருட்டுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2008இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இன்னொருவரின் மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல், அல்லது அவரை மட்டுமே குறிக்கும் வேறு எந்த அடையாளத்தையும் மோசடியாகப் பயன்படுத்தினாலே குற்றம் என்கிறது அது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உரியவரின் பணம் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் எங்கும் கிடையாது. அடுத்த பிரிவான 66டி, கணினி அல்லது கைபேசி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தண்டிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள்மாறாட்டத்துக்கு 319ஆவது பிரிவு இருக்கிறது. அடுத்த முறை நிலையத்துக்குப் போகும்போது இந்த எண்களைப் புகார் மனுவிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

"நஷ்டமே இல்லையே" என்று அந்தக் காவலர் சொன்னதில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது, அதனால்தான் அது எரிச்சலூட்டுகிறது. பணம் போனது உங்கள் தம்பிக்கு அல்ல, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு. ஏமாற்றப்பட்டது அவர்கள்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் கண்ணில் ஏமாற்றியவர் உங்கள் தம்பி. இந்தக் குற்றத்தின் கொடுமை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் நகை களவு போனால் ஊர் பரிவோடு விசாரிக்கும். அடையாளம் களவு போனால், களவு கொடுத்தவரையே எல்லோரும் விசாரிப்பார்கள். "நான் வாங்கவில்லை" என்று நிரூபிக்கும் வேலை, எதுவுமே செய்யாதவர் தலையில் விழுகிறது. நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பலரும் கற்பனை என்றே நினைப்பார்கள். நீதிமன்ற ஆவணங்களில் இருப்பதைத்தான் சொல்கிறேன். 1988இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க்கி நகரில் ஹாட் டாக் விற்கும் தள்ளுவண்டி ஒன்றில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். அதன் பிறகு ஒருவன் மற்றவனின் பெயரை எடுத்துக்கொண்டான். 1990இல் அந்தப் பெயரில் ஓர் அடையாள அட்டை வாங்கினான். அந்தப் பெயரிலேயே திருமணம் செய்தான், பிறந்த பிள்ளைக்கும் அந்தக் குடும்பப் பெயரையே வைத்தான். 2012இல் உரியவரின் பிறப்புச் சான்றிதழையே கென்டக்கி மாநிலத்திலிருந்து வரவழைத்தான். 2013இல் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் கணினிப் பிரிவில் நல்ல சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான். 2016க்கும் 2022க்கும் இடையில் எட்டுக் கடன்கள் வாங்கினான், மொத்தம் 2 லட்சம் டாலருக்கு மேல்.

பெயருக்கு உரியவரோ லாஸ் ஏஞ்சலஸில் வீடில்லாமல் இருந்தார். தன் பெயரில் பெரிய கடன் இருப்பது தெரிந்து, 2019 ஆகஸ்டில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், "யாரோ என் பெயரைப் பயன்படுத்துகிறார்கள், இந்தக் கணக்குகளை மூடுங்கள்" என்று கேட்டார். உண்மையான அடையாள அட்டையைக் காட்டினார். வங்கி ஊழியர் கணக்கின் பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டார். கணக்கைத் தொடங்கியவன் வேறொருவன் ஆயிற்றே, இவருக்கு விடை எப்படித் தெரியும்? வங்கி, பதிவில் இருந்த எண்ணுக்கு போன் செய்தது. எடுத்தவன் திருடன். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னான். போலீஸ் வந்தது, கைது செய்தது உரியவரை.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிட மோசம். தன் பெயரைத் தன் பெயர் என்று அவர் விடாமல் சொன்னதே மனநோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வழக்கை எதிர்கொள்ளும் மனநிலை அவருக்கு இல்லை என்று நீதிபதி முடிவு செய்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார், மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. 428 நாள் சிறை, 147 நாள் மருத்துவமனை. 2021 மார்ச்சில் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று சொல்லி வெளியே வந்தார். வரும்போது நீதிமன்றம் போட்ட நிபந்தனை, இனி "உண்மையான பெயரை" மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது. அவர்கள் உண்மைப் பெயர் என்று குறித்தது திருடனின் பெயரை.

அவர் விடவில்லை. 2023இல், தன் பெயரில் ஒருவன் வேலை பார்க்கும் மருத்துவமனையைக் கண்டுபிடித்துப் புகார் செய்தார். பல்கலைக்கழகக் காவல்துறையின் துப்பறிவாளர் ஒருவர், யாரும் செய்யாத எளிய வேலையைச் செய்தார்: கென்டக்கியில் இருந்த தந்தையைத் தேடிப் பிடித்து டிஎன்ஏ பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். பொருந்தியது. பிறகு அந்த மருத்துவமனை ஊழியனை உட்காரவைத்து, "உன் தந்தை பெயர் என்ன?" என்று கேட்டபோது, அவன் வாய் தவறித் தன்னை வளர்த்த தந்தையின் பெயரைச் சொல்லிவிட்டான். 2025 ஜனவரி 31 அன்று 12 ஆண்டு சிறைத் தண்டனை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது திருடனின் சாமர்த்தியத்தை அல்ல. வங்கி, போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் எல்லோருக்கும் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனிடம் வேலை, வீடு, தடங்கலில்லாத ஆவணங்கள், இன்னொருவரிடம் அழுக்குச் சட்டை. நம்பப்பட்டவன் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் ஊரிலும் இதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது.

உங்கள் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். 300க்கும் 900க்கும் இடையில் ஒரு மதிப்பெண். அதற்குக் கீழே ஒவ்வொரு கடனும் மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று வரிசையாக எண்கள். "ரைட் ஆஃப்", அதாவது வராத கடன் என்று தள்ளிவைத்தது, என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் அத்துடன் கோப்பு மூடப்படும். "இது நான் வாங்கியதல்ல" என்று எழுத அந்த அறிக்கையில் பெரிதாக இடமில்லை. அதிகாரி கெட்டவர் அல்ல. ஆனால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். உங்கள் தம்பியை நம்பி அவருக்கு ஆகப்போவது எதுவுமில்லை, நம்பாமல் விட்டால் கேட்பாரும் இல்லை.

வீட்டுக் கடன் மட்டும்தான் போச்சு என்று நினைக்க வேண்டாம். வேலையும் போகலாம். பொதுத்துறை வங்கிகள் ஆளெடுக்கும்போது கடன் வரலாற்றைப் பார்க்கின்றன. கடன் தவணைகளைக் கட்டத் தவறிய ஒருவருக்குக் கொடுத்த பணி நியமன ஆணையை பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது உண்மையாகவே கடன் வாங்கியவரின் வழக்கு, அடையாளத் திருட்டு அல்ல. ஆனாலும் அந்தத் தாளுக்கு இன்று இருக்கும் எடை அதிலிருந்து தெரியும். பொய்யான பதிவும் அதே தாளில்தான் ஏறுகிறது.

பிரபலமாக இருந்தால் தப்பலாம் என்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் ஓர் உடனடிக் கடன் செயலியில் தங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் வாங்கிவிட்டார்கள் என்று பலர் ஒரே நேரத்தில் புகார் எழுப்பினார்கள். நடிகை சன்னி லியோனியும் அவர்களில் ஒருவர். 2,000 ரூபாய்க் கடன். அவர் எழுதியதும் விஷயம் விரைவாகச் சரிசெய்யப்பட்டது. அதே வரிசையில் நின்ற மற்றவர்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டுக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்.

பான் எண்ணும் ஆதார் நகலும் எப்படி வெளியே போகின்றன என்று கேட்டால், எங்கே போகாமல் இருக்கின்றன என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். சிம் கார்டு கடை, லாட்ஜ், வாடகை வீட்டுத் தரகர், கடன் முகவர், திருமண மண்டபம். வாட்ஸ்அப்பில் "சார், ஆதார் அனுப்புங்க" என்றால் யோசிக்காமல் அனுப்புகிறோம். அரசுக்கே இதில் தெளிவு இல்லை. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அறிக்கை சரிதான் என்பது என் கருத்து. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுத்துகளின் மேலேயே குறுக்காக எழுதி ஒப்பமிடுங்கள்.

கைரேகை இன்னொரு கதை. வங்கி இல்லாத ஊர்களில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்துக்கு ஓடிபி கிடையாது. பத்திரப் பதிவின்போது வைத்த கைரேகை, பத்திர நகலோடு சேர்ந்து இணையத்தில் கிடைத்த மாநிலங்களில் அதைப் படியெடுத்து சிலிக்கானில் விரல் அச்சு செய்து கணக்குகளைத் துடைத்தார்கள். 2023இல் பெங்களூரு போலீஸ் இப்படி ஒரு கும்பலைப் பிடித்தது. பாதிக்கப்பட்டவர்களிடம் வங்கி கேட்ட முதல் கேள்வி, "உங்கள் விரல்தானே வைக்கப்பட்டிருக்கிறது?" கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரலையும் பிறந்த தேதியையும் மாற்ற முடியாது. எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, பூட்டிவையுங்கள். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டியிருக்கும், அதையும் நினைவில் வையுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் நின்று திரும்ப வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றையும்விட ஏழைகளை அதிகம் நசுக்குவது ஜிஎஸ்டி விவகாரம். வேலை வாங்கித் தருகிறேன், அரசு உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஆதார், பான் நகல்களை வாங்கிப் போகிறார்கள். அவற்றை வைத்து ஒரு போலி நிறுவனம் பதிவாகிறது. சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு, வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் கோடிக் கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ், தோல் தொழிற்சாலைக் கூலிக்கோ தூய்மைப் பணியாளருக்கோ வந்து நிற்கிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இப்படிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2023 மே மாதம் 16ஆம் தேதி முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் நடத்திய முதல் சோதனையில், இருப்பதாகப் பதிவாகி உண்மையில் இல்லாத 21,791 நிறுவனங்களைக் கண்டுபிடித்தார்கள். சந்தேகத்துக்குரிய வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். அந்த ஒவ்வொரு பதிவிலும் யாரோ ஒருவரின் பெயர் இருந்திருக்கும், அவர்களில் பலருக்கு அது தெரிந்தே இருக்காது.

இங்கே சட்டமே ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் உத்தரவு வரும். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மூன்று மாதக் கெடு, அதோடு சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரி என்றால் 10 லட்சம். மாதம் 10,000 ரூபாய் சம்பாதிப்பவர் எங்கே போவார்? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், அதற்கும் வக்கீல் வேண்டும். எனவே உங்களுக்குத் தெரிந்த எவருக்காவது இப்படி நோட்டீஸ் வந்தால், "நமக்கு என்ன தெரியும்" என்று மூலையில் போட விடாதீர்கள். நோட்டீஸ் கட்டத்திலேயே காவல் புகாரின் நகலோடு எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்தாக வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து அந்த எண்ணில் என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் தம்பியின் பான் எண்ணையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் சங்கடமான இடத்துக்கும் வர வேண்டியிருக்கிறது. திருடியவர் எப்போதும் முகம் தெரியாத ஆளாக இருப்பதில்லை. மகளிர் குழுக் கடன்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். குழுவில் ஒருத்திக்கு ஏற்கெனவே கடன் அதிகம், புதிதாகக் கிடைக்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆதாரை வாங்கி, "கையெழுத்து மட்டும் போடு அக்கா, நான் கட்டிக்கொள்கிறேன்" என்கிறாள். சில சமயம் கையெழுத்துகூடக் கேட்பதில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் மாதக் கடன் தவணை அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அடுத்தவள் வாங்கிய கடன் இவள் பெயரில் நின்றால், அந்தப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நியாயமாகக் கடன் கேட்கும்போது கிடைக்காது, வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும்.

கடன் எடுத்தது அண்ணன், மைத்துனன், கணவன் என்றால் புகாரே கொடுப்பதில்லை. "குடும்ப மானம்" என்கிறார்கள். ஆனால் புகார் இல்லாமல் எந்த நிறுவனமும் பதிவை நீக்காது. இந்த இக்கட்டுக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத்தான் நேராகச் சொல்ல முடியும். உங்கள் தம்பி விஷயத்திலும் கடன் பதிவுகளில் உள்ள முகவரியையும் கைபேசி எண்ணையும் முதலில் பாருங்கள். பழைய முகவரியோ, தெரிந்த எண்ணோ கண்ணில் பட்டால் வீட்டில் முதலில் பேசிவிட்டுப் பிறகு நிலையத்துக்குப் போங்கள்.

பணத்துக்குச் சம்பந்தமே இல்லாத வகையும் உண்டு. 2004இல் சென்னையில் ஒரு பெண்ணின் பெயரிலும் தொலைபேசி எண்ணோடும் இணையக் குழு ஒன்றில் ஆபாசமான செய்திகள் போடப்பட்டன. அவருக்கு அந்நியர்களிடமிருந்து அழைப்புகள் குவிந்தன. அப்போது 66சி பிரிவே கிடையாது. ஆனாலும் அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டில் முதலில் கிடைத்த தண்டனைகளில் அது ஒன்று. அந்தப் பெண்ணுக்கு நஷ்டம் எத்தனை ரூபாய் என்று அந்தக் காவலரிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்?

இனி செய்ய வேண்டியவை. அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: நிரூபிக்கும் பொறுப்பைத் தம்பி தலையிலிருந்து எடுத்து, கடன் கொடுத்தவர் தலையில் வைக்க வேண்டும்.

முதலில் செய்யக் கூடாதது. வசூல் ஆள் போன் செய்து, "மொத்தம் 8,000 ரூபாய்தான் சார், 3,000 கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பான். தொல்லை விட்டால் போதும் என்று கட்டத் தோன்றும். ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். அறிக்கையிலும் "செட்டில்டு" என்று பதிவாகும். அது முழுதாக முடித்த கடனுக்கு ஈடாகாது, அடுத்த வங்கி அதையும் குறையாகத்தான் பார்க்கும். போனில் விவாதமும் வேண்டாம். "இந்தக் கடன் என்னுடையது அல்ல, எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லித் துண்டிக்கலாம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மீறிய அழைப்புகளின் நேரத்தைக் குறித்து வைத்தால் அதுவே தனிப் புகாராகும்.

அடுத்து ஆவணங்கள். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலில் இல்லாத போலிக் கடன் இன்னொன்றில் இருக்கலாம், குறிப்பாகக் குழுக் கடன்கள். நான்கையும் எடுங்கள். ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாத அங்கீகார வரலாற்றை இறக்கிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய நாளில் யாராவது ஆதார் ஓடிபி போட்டிருந்தால் அதில் தெரியும். ஆறு மாதம் தாண்டினால் பார்க்க முடியாமல் போகும் என்பதால் இதை இன்றே செய்யுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தம்பியின் பெயரில் எத்தனை கைபேசி எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என்னுடையது அல்ல" என்று குறிக்கலாம். போலிக் கடனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு போலி சிம் இருக்கும்.

அதன் பிறகு புகார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், பணம் இப்போதுதான் போயிற்று என்ற அவசரத்துக்கு உதவும். உங்கள் விஷயத்துக்கு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்தில் பதிவு செய்வதே நல்லது. அந்தப் பதிவு எண்ணோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள். எஃப்ஐஆர் போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்ஐஆர் கிடைத்தால் வேலை வேகமாக நடக்கும். கிடைக்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம்.

இப்போது கடன் நிறுவனத்துக்குக் கடிதம். "நான் வாங்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால், "எங்கள் பதிவுகளின்படி வாங்கியிருக்கிறீர்கள்" என்று ஒரு வரி பதில் வரும். அதற்குப் பதிலாக அவர்களிடம் ஆதாரம் கேளுங்கள். எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினீர்கள்? எந்தக் கைபேசி எண்ணில் ஓடிபி உறுதி செய்யப்பட்டது? விண்ணப்பத்தில் உள்ள புகைப்படம் எங்கே? மின்னணுக் கையொப்பத்தின் சான்று எங்கே? ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும், இடையில் யார் கையிலும் தங்கக் கூடாது. ஆகவே பணம் போன கணக்கு தம்பியுடையது இல்லை என்றால், தவறு எங்கே நடந்தது என்பது அவர்கள் ஆவணத்திலேயே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விதான் பல கோப்புகளை நகர்த்தியிருக்கிறது. பணம் போன கணக்கின் விவரம் கிடைத்தால் அது காவல்துறைக்கும் பிடிகயிறு.

அதே நாளில் நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் தளங்களிலும் தகராறு பதிவு செய்யுங்கள். 30 நாள் கெடு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதித்து, அது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் இழப்பீடு என்றதும் அது நிறுவனத்துக்குள் வேறு ஒரு மேசைக்குப் போகும், அங்கே பதில் சொல்ல ஆள் இருப்பார். அதற்குப் பிறகும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

இழப்பீடு பற்றிக் கேட்பீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் தீர்ப்பு அதிகாரி ஒருவர் உண்டு, பொதுவாக அந்தத் துறையின் செயலாளர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது. தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்து அபுதாபியில் வேலை பார்த்த ஒருவர் 2007இல் போலி மின்னஞ்சல் மோசடியில் 6.46 லட்சம் ரூபாய் இழந்தார். 2010 ஏப்ரலில் நம் மாநிலத் தீர்ப்பு அதிகாரி, அந்தத் தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போய், விவகாரம் முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது என்று பெரிதாகப் பேசுகிறார்கள். அந்த அபராதம் போகும் இடம் இந்தியாவின் தொகுப்பு நிதி. தகவல் கசிந்து அலைந்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த மாதங்களில் அவருக்கு வரும் அவமானமும், தன்னையே சந்தேகிக்கும் மனநிலையும் பலவீனம் அல்ல. அலுவலகத்துக்கு வசூல் ஆள் போன் செய்த பிறகு, சக ஊழியர்கள் நம்புகிறார்களா என்ற கேள்வி ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். மேலாளரிடம் புகார் நகலைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒருமுறை நீக்கிய பிறகு மறுபடி வருமா என்றால், வரலாம். அந்தப் பான் நகல் இன்னும் யாரிடமோ இருக்கிறது, ஒருமுறை விற்ற பட்டியலை மறுபடியும் விற்பார்கள். அதனால் அடுத்த ஆண்டு முதல் நான்கு இலவச அறிக்கைகளையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையை யாராவது பார்த்தால் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதும் இப்போது விதி. அதற்கு அந்த நிறுவனங்களிடம் உள்ள கைபேசி எண் தம்பியுடையதாக இருக்க வேண்டும், திருடனுடையதாக இருந்தால் எச்சரிக்கையும் அவனுக்கே போகும். அதைத் திருத்தியாக வேண்டும். வீட்டுக் கடனுக்கு மறுபடி விண்ணப்பிக்கும் முன், அந்த வங்கி நான்கில் எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்கிறது என்று கிளையில் கேட்டு, திருத்தம் அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, கடன் நிறுவனம் தந்த நீக்கக் கடிதத்தின் நகலையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.